இட்லிப் பூ வேலி வைக்கப் போகிறீர்களா? முதலில் கத்தரியை ஒளித்து வையுங்கள்

ஒரே இடத்தில் இரண்டு தடவை வேலி நட்டவன் நான். முதல் தடவை வைத்த 22 கன்றுகளில் பாதி வெளுத்துப் போய் நின்றன, மீதியைப் பக்கத்து வீட்டுக்காரர் டேப்போடு வந்து நின்றதால் நானே பிடுங்கினேன். இரண்டாவது தடவை எல்லாம் ஒழுங்காக நட்டு, செடி இடுப்பளவு வந்த நேரத்தில், ஊருக்குப் போயிருந்த நான்கு நாளில் ஆள் வந்து ‘அழகா’ வெட்டிவிட்டுப் போயிருந்தார். பெட்டி மாதிரி, நாலு பக்கமும் சமமாக. அதற்கப்புறம் நான்கு மாதம் ஒரு பூ இல்லை, ஒரு தேன்சிட்டு இல்லை.

வண்ணத்துப்பூச்சியும் குருவியும் வந்து போகிற ஒரு வேலி வேண்டும், காம்பவுண்டுச் சுவரை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டு வீட்டு மனையை மனதில் வைத்துத்தான் சொல்கிறேன். செடி, இட்லிப் பூ. விருட்சி, வெட்சி என்றும் சொல்வார்கள். சின்ன வயதில் பூவைப் பிடுங்கி, நடு நரம்பை உருவி, நுனியில் வரும் ஒரு சொட்டுத் தேனை நக்கியிருப்பீர்களே, அதே செடிதான்.

1. முதலில் எல்லை, அப்புறம்தான் மண்வெட்டி

எல்லோரும் நேராக நர்சரிக்குப் போவார்கள். நானும் அப்படித்தான் போனேன். மனைக்கு ஒரு பக்கம் சுவர் கிடையாது, பழைய கல் ஒன்று இருந்தது, அதை நம்பிக் கயிறு கட்டி நட்டுவிட்டேன். ஆறு மாதம் கழித்து அடுத்த மனைக்காரர் வீடு கட்ட வந்தார். “தம்பி, கோவிச்சுக்காதீங்க, செடி எங்க இடத்துல ஒன்றரை அடி உள்ள நிக்குது” என்றார். அளந்து பார்த்தால் அவர் சொன்னது சரி. இட்லிப் பூவைப் பிடுங்கி வேறு இடத்தில் வைத்தால் எல்லாம் பிழைப்பதில்லை. 11 செடியில் எனக்கு மூன்றுதான் பிழைத்தது.

பார்க்க வேண்டிய ஆவணங்கள் இவை: பத்திரத்தில் இருக்கும் நான்கெல்லையும் அளவும், பட்டா, புலப்படம் (சர்வே எண்ணின் எல்லையையும் அளவையும் காட்டும் அரசு வரைபடம்). பட்டாவையும் புலப்படத்தையும் தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்திலேயே பார்க்கலாம், மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் தெரிந்தால் போதும். நகர்ப்புறம் என்றால் டவுன் சர்வே எண், பிளாக், வார்டு வேண்டும். இங்கே ஒரு குழி இருக்கிறது: லே-அவுட் மனை வாங்கி உட்பிரிவு செய்யாமல், அதாவது உங்கள் மனையைத் தனி எண்ணாகப் பிரிக்காமல், விட்டிருந்தால், புலப்படத்தில் உங்கள் மனை தனியாகத் தெரியாது, மொத்த சர்வே எண்ணும் ஒரே கட்டமாக வரும். அதை வைத்துக்கொண்டு வேலிக் கோடு போட முடியாது.

சந்தேகம் இருந்தால் சர்வேயரை வைத்து அளப்பதற்கு முறையாக விண்ணப்பித்துவிடுங்கள். இ-சேவை மையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். அளக்க வரும் தேதி பக்கத்து நிலக்காரருக்கும் தெரிந்திருக்க வேண்டும், அவர் முன்னால் கல் நட்டால்தான் பின்னால் பேச்சு வராது. எனக்கு விண்ணப்பம் கொடுத்ததிலிருந்து கல் நடும் வரை இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. ஆகவே மழைக்கு நடுவதாக இருந்தால் சித்திரையிலேயே இந்த வேலையைத் தொடங்குங்கள்.

எல்லை தெரிந்தபின்னும் கோட்டின் மேலேயே நடாதீர்கள். இரண்டரை அடி உள்ளே தள்ளி வையுங்கள். செடி பக்கவாட்டில் அவ்வளவு பரவும், அடுத்தவர் பக்கம் போய்விட்டால் வெட்டும் உரிமையும் வெட்டும் விதமும் உங்கள் கையில் இருக்காது. தெருப் பக்கம் என்றால் சாக்கடைக்கும் உங்கள் மனைக்கும் இடையில் இருக்கிற துண்டு நிலம் பெரும்பாலும் உள்ளாட்சியுடையது, வடிகால் வேலை வரும்போது பொக்லைன் யாரையும் கேட்காது.

2. கன்று வாங்கும்போது இலையைத் திருப்பிப் பாருங்கள்

நர்சரியில் “இட்லிப் பூ” என்று கேட்டால் நான்கு ஐந்து விதம் காட்டுவார்கள். மஞ்சள், ரோஸ், வெள்ளை, குட்டை ரகம், சைனா ரகம். குட்டை ரகம் நெருக்கமாகப் பூக்கும், போட்டோவில் அழகாக இருக்கும். ஆனால் முதல் தடவை நான் வைத்த குட்டை ரகத்தில் பழம் பிடித்து நான் பார்த்ததே இல்லை. பழம் இல்லை என்றால் பறவைக்குப் பாதி விருந்து போச்சு.

உங்களுக்கு வேண்டியது சிவப்பு நாட்டு ரகம். அடையாளம்: இலைக்குக் காம்பு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது, இலையின் அடிப்பகுதி தண்டைக் கட்டிப் பிடித்த மாதிரி இருக்கும். பூவின் நான்கு இதழும் நுனியில் கூராக இருக்கும். சைனா ரகத்தில் இதழ் நுனி உருண்டையாக இருக்கும். பூக்காத கன்றை வாங்காதீர்கள், ஒரு கொத்தாவது பூத்திருக்கும் கன்றாகப் பார்த்து வாங்குங்கள்.

எனக்கு ஒரு அடி உயரக் கன்று 35 ரூபாய்க்குக் கிடைத்தது, இரண்டரை அடி உயரச் செடிக்கு 120 கேட்டார்கள். சின்னதே போதும், சீக்கிரம் வேர் பிடிக்கும். பைக்கு வெளியே வேர் சுருண்டு தரையில் இறங்கிவிட்ட பழைய கன்றைத் தள்ளுபடி விலையில் தள்ளிவிடப் பார்ப்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

காசே வேண்டாம் என்றால் குச்சி வெட்டி வைக்கலாம். பென்சில் கனத்தில், பாதி முற்றிய கிளை, ஆறு அங்குலம், கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மணலும் தேங்காய் நார்த் தூளும் கலந்து நிழலில் வைத்து ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்றரை இரண்டு மாதம் ஆகும். பத்தில் நாலைந்து வந்தால் கெட்டிக்காரர் என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளலாம்.

இன்னொரு எச்சரிக்கை. நர்சரிச் செடியில் பூச்சி மருந்து அடித்துத்தான் வைத்திருப்பார்கள். அதில் ஊடுருவிப் பாயும் மருந்து வகை செடிக்குள்ளேயே போய்த் தேன் வரைக்கும் ஏறும். வாங்கி வந்ததும் இருக்கிற பூக்கொத்தை எல்லாம் கிள்ளிப் போட்டுவிடுங்கள். மனசு வராது, இருந்தாலும் செய்யுங்கள். புதுத் தளிரில் வரும் பூ போதும்.

3. மண்ணும் தண்ணீரும்: என் செடி ஏன் வெளுத்தது

இட்லிப் பூவுக்குப் புளிப்புத்தன்மை உள்ள மண் பிடிக்கும். செம்மண்ணில் குதூகலமாக வளரும். ஆனால் வீட்டைச் சுற்றி நமக்குக் கிடைப்பது என்ன? சுவர் பூசும்போது விழுந்த சிமெண்டும், கட்டட இடிபாடும், மேலே ஊற்றுவதற்கு உப்பேறிய போர்த் தண்ணீரும். இவற்றால் காரத்தன்மை ஏறிய மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேரால் எடுத்துக்கொள்ள முடியாது. அறிகுறி தெளிவாகத் தெரியும்: புதுத் தளிர் மஞ்சளாக வரும், நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நிற்கும். பழைய இலை நன்றாகவே இருக்கும். நான் இதைத் தண்ணீர் பற்றவில்லை என்று நினைத்து இன்னும் அதிகமாகப் போர்த் தண்ணீரை ஊற்றினேன். எரிகிற நெருப்பில் எண்ணெய்தான்.

நடுவதற்கு முன்னாலேயே மண் பரிசோதனை செய்துவிடுங்கள். வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கட்டணம் மிகக் குறைவு. வேலிக் கோட்டில் ஐந்தாறு இடத்தில் ஆங்கில ‘வி’ போலக் குழி வெட்டி, 15 செ.மீ. ஆழம் வரை பக்கச் சுவரிலிருந்து மண்ணைச் சுரண்டி, எல்லாவற்றையும் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ மட்டும் துணிப்பையில் போட்டு, பெயர், சர்வே எண் எழுதிக் கொடுக்க வேண்டும். உரச் சாக்கில் கட்டிக் கொண்டுபோகாதீர்கள், முடிவு கெட்டுப் போகும்.

சீர் செய்வதற்கு: இடிபாட்டை அள்ளி வெளியே போட்டுவிட்டுச் செம்மண் நிரப்புங்கள். அதற்கு மாற்றே கிடையாது. ஏற்கெனவே நட்ட செடி வெளுத்தால், நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி கிடைக்கும், அதாவது இரும்பு சல்பேட். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, சாயங்காலம் இலையில் தெளிக்க வேண்டும், பத்து நாள் விட்டு மறுபடி. புதுத் தளிர்தான் பச்சையாக வரும், வெளுத்த இலை அப்படியேதான் இருக்கும், அதைப் பார்த்து ஏமாந்து மருந்தைக் கூட்டாதீர்கள். நேரடியாகச் சுவரிலும் டைல்ஸிலும் படாமல் தெளியுங்கள், துருக்கறை போகாது.

4. நடும் நேரம், இடைவெளி

வடகிழக்குப் பருவமழையை நம்பும் ஊர்களில் புரட்டாசி சரியான நேரம். வேர் பிடிக்கும்போது ஐப்பசி மழை வந்து பார்த்துக்கொள்ளும். கோவை, தென்காசிப் பக்கம் போல ஆனி ஆடியில் சாரல் கிடைக்கும் இடம் என்றால் அப்போதே நடலாம். மாசிக்கு மேல் நட்டால் கோடை முழுக்க வாளியோடு நீங்கள்தான் நிற்க வேண்டும்.

குழி ஒரு அடிக்கு ஒரு அடி. பாதி செம்மண், பாதி மட்கிய தொழு எரு. சுவர் மாதிரி அடைத்து நிற்க வேண்டும் என்றால் ஒன்றரை அடி இடைவெளி, உயிர்களுக்காக என்றால் இரண்டு அடி. நெருக்கி நட்டால் அடிக்கிளை காய்ந்து கீழே கம்பு மட்டும் தெரியும், குருவி கூடு கட்டுவதற்கு உள்ளே இடமும் இருக்காது. நாளில் பாதியாவது வெயில் விழ வேண்டும், மாமர நிழலில் வைத்தால் இலை மட்டும்தான்.

5. இட்லிப் பூவை மட்டும் வைத்தால் அது சாப்பாட்டுக் கடை, வீடு அல்ல

இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது. இட்லிப் பூவின் குழல் ஒன்றரை அங்குலம் வரை நீளம், ஊசி கனம். அடியில் இருக்கும் தேனை எட்டுவதற்கு நீண்ட உறிஞ்சுகுழல் வேண்டும். அதனால் பெரிய வண்ணத்துப்பூச்சிகளுக்கும் தேன்சிட்டுக்கும் இது சொந்தப் பந்தி மாதிரி, ஆனால் தேனீக்கு நாக்கு எட்டாது. தேனீ வரவில்லையே என்று வருத்தப்பட்டுப் பயனில்லை, ஒரு மூலையில் நொச்சியும் இடையில் துளசியும் வையுங்கள், பிரச்சினை தீர்ந்தது. (நொச்சி வைத்தால் கொசு வராது என்று சொல்லித் தருவார்கள். இலையைப் புகை போடுவது வேறு, செடி சும்மா நின்று கொசுவை விரட்டும் என்று நம்பி வலைக்கதவைக் கழற்றிவிடாதீர்கள்.)

அடுத்தது புழு. பூவுக்கு வரும் வண்ணத்துப்பூச்சி முட்டையிடுவதற்கு வேறு செடி தேடும். இட்லிப் பூவின் தளிரைத் தின்னும் புழுவும் உண்டு, மங்கி பஸில் என்ற குட்டி வண்ணத்துப்பூச்சியின் புழு. ஆனால் கொத்தின் மேல் சிறகடித்துக்கொண்டே தேன் குடிக்கிற கறுப்பு நிறப் பெரியவை எல்லாம் வேறு ஜாதி. கறிவேப்பிலை அழகி, ஆங்கிலத்தில் காமன் மார்மன், கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் முட்டையிடும். சிவப்பு உடம்போடு வரும் கிரிம்சன் ரோஸுக்கு ஆடுதீண்டாப்பாளை வேண்டும். அந்தச் செடியின் நஞ்சைப் புழுவிலேயே உடம்பில் ஏற்றிக்கொள்வதால் பறவைகள் அதைத் தொடுவதில்லை. அதைப் பார்த்துக் கறிவேப்பிலை அழகியின் பெண்களில் சில அதே சிவப்பு வேஷம் போட்டுக்கொண்டு திரியும். வேஷதாரியைக் கண்டுபிடிக்க உடம்பைப் பாருங்கள், சிறகில் சிவப்பு இருக்கும், உடம்பு கறுப்பாகவே இருக்கும்.

நான் இப்போது ஐந்து இட்லிப் பூவுக்கு ஒரு கறிவேப்பிலை என்று வைத்திருக்கிறேன். “இருக்கிற கறிவேப்பிலையை எல்லாம் புழு தின்னுது, தாளிக்க ஒரு ஆர்க்கு இல்ல” என்று அம்மா சத்தம் போட்டபோது போய்ப் பார்த்தேன். இலை நடுவில் காக்கை எச்சம் மாதிரி ஒன்று ஒட்டியிருந்தது. குச்சியால் தொட்டதும் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போலச் சிவப்புக் கொம்பு ஒன்று வெளியே வந்து, ஒரு நெடி அடித்துவிட்டு, மறுபடி உள்ளே போய்விட்டது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அன்றிலிருந்து சமையலுக்குத் தனிச் செடி, புழுவுக்குத் தனிச் செடி என்று ஒப்பந்தம்.

ஆடுதீண்டாப்பாளை நஞ்சுள்ளது. யாராவது கஷாயம் வைக்கச் சொன்னால் கேட்காதீர்கள், சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் எட்டாத மூலையில் வையுங்கள். உண்ணிச்செடியை (லாண்டானா) மட்டும் தயவுசெய்து வைக்க வேண்டாம். வண்ணத்துப்பூச்சி மொய்க்கும், உண்மைதான். ஆனால் அதன் பழத்தைத் தின்ற குருவி விதையை எங்கெங்கோ கொண்டுபோய்ப் போடும், முதுமலைப் பக்கம் போனவர்களுக்கு அது காட்டை என்ன செய்திருக்கிறது என்று தெரியும்.

6. முதல் வருடம்

பெரிதாக ஒன்றும் இல்லை. வாரம் இரண்டு தடவை தண்ணீர், கோடையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள். அடியில் காய்ந்த இலையை நான்கு அங்குலம் மூடாக்காகப் போடுங்கள், தண்ணீரும் மிச்சம், அரணைக்கும் இரை கிடைக்கும். மெதுவாகத்தான் வளரும். இடுப்பளவுக்கு இரண்டு மூன்று வருடம் ஆகும், உரம் போட்டு விரட்டினால் தளிர் மட்டும் கொழுத்து மாவுப்பூச்சி வரும்.

7. பூச்சி வந்தால் எதுவும் அடிக்காதீர்கள்

மாவுப்பூச்சி, செதில் பூச்சி, அதன் தேன்கழிவில் படரும் கரும்பூசணம், இந்த மூன்றும் வரும். ஹோஸ் பைப்பில் அழுத்தித் தண்ணீர் அடித்தாலே பாதி போய்விடும், மீதிக் கிளையை வெட்டி எடுத்துவிடலாம். வேப்பெண்ணெய் இயற்கைதானே என்று மொத்தமாக அடிக்காதீர்கள், அது உங்கள் வண்ணத்துப்பூச்சிப் புழுவையும் சேர்த்துத்தான் கொல்லும்.

முசுறு என்ற சிவப்பு மர எறும்பு கூடு வைத்தால் விட்டுவிடுங்கள். இலைகளை இழுத்துப் பிடித்துத் தன் குஞ்சுப் புழுவின் நூலால் ஒட்டி அது பந்து கட்டுவதைப் பார்ப்பதற்கே அரை நாள் போகும். மாவுப்பூச்சியைக் காவல் காப்பதும் அதுதான் என்பது ஒரு தொல்லை, கடித்தால் கண்ணில் தண்ணீர் வரும் என்பது இன்னொன்று. வாசல் பக்கம் இருந்தால் மட்டும் அந்தக் கிளையை வெட்டிப் பின்பக்கம் கொண்டுபோய் வையுங்கள், முழுக்கைச் சட்டையோடு.

8. கத்தரி

இட்லிப் பூ கிளை நுனியில்தான் பூக்கும். இந்த ஒரு வரியைத் தோட்டத்துக்கு வரும் ஆளிடம் சொல்லிவிட்டால் போதும், ஆனால் அவர் கேட்கமாட்டார். மாதாமாதம் மேலே சமமாக வெட்டினால் மாதாமாதம் பூ மொட்டுகளையே வெட்டுகிறீர்கள். பூ உதிர்ந்தபின் காய் பிடித்து, சிவந்து, கறுத்துப் பழுக்கும் வரை கொத்தை விட வேண்டும். வாடிய கொத்து அசிங்கமாகத் தெரியும், விருந்தாளி கேட்பார்கள், கேட்கட்டும். சின்னான் என்ற கொண்டைக்குருவி அந்தப் பழத்துக்காகத்தான் வருகிறது.

வருடம் ஒரு தடவை, கைக்கத்தரியால், ஒவ்வொரு கிளையாகப் பார்த்து வெட்டுங்கள். பெரிய வேலிக் கத்தரியைத் தொடாதீர்கள். ஒரே நாளில் முழு நீளத்தையும் வெட்டாமல், வேலியை மூன்றாகப் பிரித்து இந்த வருடம் ஒரு பங்கு, அடுத்த வருடம் ஒரு பங்கு என்று போனால் எப்போதும் எங்காவது பூ இருக்கும்.

வெட்டுவதற்கு முன்னால் குனிந்து உள்ளே பாருங்கள். நெஞ்சுயரத்தில், கவட்டையில், சின்னக் கிண்ணம் மாதிரிக் கூடு இருக்கலாம். சின்னான் இரண்டு மூன்று முட்டையிடும், பொரிக்க இரண்டு வாரம், குஞ்சு வெளியேற இன்னும் கிட்டத்தட்ட இரண்டு வாரம். ஒரு மாதம் தள்ளிப் போட்டால் குடி முழுகிவிடாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்பதற்கான விளக்கத்திலேயே பறவையின் முட்டையையும் கூட்டையும் சேதப்படுத்துவது வருகிறது, தோட்ட ஆளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், நுனிப் பூ பற்றிச் சொன்னதைவிட இது நன்றாக வேலை செய்கிறது. கூட்டைக் கண்டுபிடித்தால் தினம் போய்ப் போட்டோ எடுக்காதீர்கள், நீங்கள் போன வழியைக் காக்கை பார்த்துக்கொண்டிருக்கும்.

9. எனக்கு ஆன செலவு

32 அடி நீளத்துக்கு, இரண்டாவது தடவை: 14 கன்று 490 ரூபாய், கறிவேப்பிலை மூன்று 90 ரூபாய், நொச்சிக் குச்சியும் துளசியும் சும்மா கிடைத்தன, செம்மண் பாதி லோடு 1,800, தொழு எரு நான்கு மூட்டை 480, குழி வெட்டி இடிபாடு அள்ள ஆளுக்கு ஒரு நாள் 800. மொத்தம் 3,660. முதல் தடவை வீணாக்கியதையும், சர்வேயருக்காக நடந்ததையும் இதில் சேர்க்கவில்லை. நடுவதற்கு ஒன்றரை நாள் பிடித்தது.

10. எல்லோரும் கேட்பது: பாம்பு வருமா?

வேலி இருப்பதால் மட்டும் வராது. அடியில் அடுக்கி வைத்த செங்கல், உடைந்த ஓடு, தென்னை மட்டைக் குவியல், சிந்திய தானியம், அதற்கு வரும் எலி, இவைதான் கூப்பிடும். அடியிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குக் கிளைகளை எடுத்துவிட்டால் தரை தெரியும், மூடாக்கைச் செடி அடியோடு நிறுத்திக்கொண்டு நடைபாதைப் பக்கம் வராமல் பாருங்கள். ராத்திரி டார்ச் இல்லாமல் வேலி ஓரம் போகாதீர்கள். எங்கள் வீட்டில் மூன்று வருடத்தில் ஒரு தடவை சாரை ஒன்று வந்து, ஓணானைத் துரத்திக்கொண்டு பக்கத்து மனைக்குப் போனது. அந்த மனைக்காரர் அன்றைக்கும் டேப்போடுதான் நின்றுகொண்டிருந்தார்.